வண்டு வராத வருஷம்

ஜூலை 19, சனி

காலையிலிருந்து காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே ஷெட்டின் தகரமே பறக்கப் பார்க்கிறது. ஒரு தகட்டின் ஆணி கழன்று நாள் முழுக்க டமடமவென்று சத்தம். முதலாளியிடம் சொன்னேன். "பார்க்கலாம் பாய்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

புது லோடு வந்தது. பெட்டி இறக்கும்போது மகள் போன். ஹாஸ்டலில் தோழிகள் உங்கப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்களாம், இவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். சொல்லிக்கொடுத்தேன். ரிஃபைனரியில் எண்ணெயை உடைக்க ஒரு பொடி போடுவார்கள். கேட்டலிஸ்ட். அது சுழன்று சுழன்று தேய்ந்து, தூளாகி, புகையோடு புகைக்கூண்டு வழியாக வெளியே போகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த உலோகக் குழல்கள், ஆள் உயரம், கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளை அடைத்துக்கொண்டால் கழற்றி உத்திரமேரூருக்கு அனுப்புவார்கள். நாங்கள் சுத்தம் செய்வோம். பிறகு ஸ்பிரிட்டில் அமிழ்த்தி, உள்ளே காற்று விட்டு, குமிழி எங்கே வருகிறது என்று உன் அத்தா பார்ப்பார்.

"அப்ப நீங்க புகையைக் கழுவுறீங்களா அத்தா?" என்றாள். படித்த பிள்ளை.

கழுவுவது என்பது பேச்சுக்கு. முறைப்படி முதலில் தண்ணீர் பீய்ச்சி ஊறவைக்கவேண்டும். ஆனால் ஈரமானால் சேறு. சேற்றை லைசன்ஸ் உள்ள லாரியில்தான் ஏற்றி அனுப்பவேண்டும். காய்ந்தபடியே மரச்சுத்தியால் தட்டி உதிர்த்துவிட்டால் வெறும் தூள், மூட்டை கட்டி ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கலாம், கேட்பாரில்லை. ஈரமானால் கழிவு, காய்ந்தால் தூள். முதலாளியின் சட்டம்.

தட்டுவது கஜேந்திரன். மாகறல்காரன், நாலு வருஷமாக அதே சுத்தி. இன்று தட்டுகிற நேரத்தைவிட இருமுகிற நேரம் அதிகம். மாஸ்க் எங்கே என்றேன்.

"போட்டா மூச்சு முட்டுது பாய். போடாங்காட்டி இருமல் வருது. இன்னாதான் பண்றது?"

அந்தத் தூளைக் கையில் அள்ளினால் நிற்காது. மாவு மாதிரி ஒட்டாது, விரலிடுக்கில் தண்ணீராக ஓடிவிடும். சாம்பலில் கொஞ்சம் வெள்ளை கலந்த நிறம். டீ குடிக்கும்போது கஜா மூட்டைகளைக் காட்டினான்: "அங்க ஒரு எறும்பு கீதா பாரு பாய். பூச்சி பொட்டு ஒண்ணும் அண்டாது." உண்மைதான், ஒன்றையும் காணோம்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலப் பின்பக்கக் குழாயில் குளியல். கம்பெனித் துணி தனி பக்கெட். அந்தத் துணியோடு பருப்பு ரூம் பக்கம் நான் போவதில்லை. போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரார் வாங்கித் தின்கிற பொருள் இருக்கும் இடம், அதனால் எனக்கு நானே போட்ட தடை. என் மனைவி சபுரா சிரிப்பாள். "ஊட்டுக்கு வர்றாரா, ஆப்ரேசனுக்குப் போறாரா, தெரியல."

அவளுக்குச் சீசன். ஆடி பிறந்தால் விதைக் காராமணி, துவரை, மொச்சை கேட்டு ஆட்கள். அவள் அத்தா விட்டுப்போன வியாபாரம், என் சம்பளத்தைவிட மானமாக நடக்கிறது. இந்த வருஷம் ஒரு பயறில்கூட ஓட்டை இல்லையாம், வண்டே வரவில்லையாம். என்ன செய்தாய் என்றேன்.

"என் கைராசி."

சொல்லிவிட்டு இருமினாள். காற்று.

ஜூலை 21, திங்கள்

ரிஃபைனரியிலிருந்து ஆடிட். நேற்றே முதலாளி போன்: ஹோஸ் பைப் எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள், தரையை நனையுங்கள், சுத்தியல் கண்ணில் படக்கூடாது. பின்னால் இருந்த மூட்டைகள் பக்கத்துக் கொல்லைக்குப் போய் தார்பாய்க்குள் ஒளிந்தன. கஜா வரவேண்டாம், இருமுகிறான்.

வந்தவர் சின்ன வயது இஞ்சினியர், நல்ல மனிதர். தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துத் தலையாட்டினார். என் குமிழி டெஸ்டை உட்கார்ந்தே பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் சரியான கேள்வி. போனில் அவர்கள் புகைக்கூண்டைக் காட்டினார். மேலே வெறும் ஆகாயம்.

"புது ஃபில்டர் போட்டதுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியாது சார். முன்னாடி சுத்துப்பட்டுல காயப்போட்ட துணியெல்லாம் சாம்பலா இருக்கும்னு ஒரே கம்ப்ளெய்ன்ட். இப்ப யாரும் வர்றதில்ல."

நல்லது என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர்கள் துணி வெளுப்பாக இருக்கட்டும். அந்தச் சாம்பல் எங்கே போயிற்று என்று மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மதியம் பிரியாணி. முதலாளி உபயம். தார்பாயைக் காற்று இரண்டு முறை தூக்கியது. நல்லவேளை, இஞ்சினியர் லெக் பீஸில் கவனமாக இருந்தார்.

ஜூலை 24, வியாழன்

எழுத மனமில்லை. எழுதாவிட்டாலும் நிம்மதி இல்லை.

கஜாவோடு காஞ்சிபுரம், நெஞ்சு டாக்டர். எக்ஸ்ரே போன வாரமே எடுத்துக் கொடுத்திருந்தான். கம்பெனியிலிருந்து யாரையாவது வரச்சொல்லி டாக்டரம்மா கேட்டாராம். கிளம்பும்போது முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாய், தண்ணில கழுவுற வேலைன்னு சொல்லுங்க. அவ்ளோதான். தூளு, கீளுன்னு ஆரம்பிச்சா இன்ஸ்பெக்டர் வருவான், பூட்டு போடுவான். அப்புறம் நீங்களும் நானும் சேர்ந்து பாய் விரிச்சுத் தூங்கலாம்."

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நெஞ்சு முழுக்கப் புள்ளி, விசிறின மாதிரி.

"குவாரில வேலையா?"

"இல்லீங்க. கம்பெனி."

"என்ன கம்பெனி? தூள் இருக்குமா?"

கஜா என்னைப் பார்த்தான். "பாய் சொல்லுவாரு."

"தண்ணியில கழுவுற வேலைங்க. ஈர வேலை" என்றேன்.

என் வாய்தான், என் குரல்தான். டாக்டரம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். சளியில் ஒன்றும் இல்லை, ஆனால் படம் இப்படி இருக்கிறது, தூள் வேலை இல்லை என்றால் இது டி.பி.யாகத்தான் இருக்கவேண்டும் என்றார். மாத்திரை ஆரம்பிக்க எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் கஜா முகத்தில் தெளிவு. "டி.பி.ன்னா பிரச்சினை இல்ல பாய். மாத்திரை கீது, துன்னா தீந்துடும். எங்க மாமனுக்குத் தீர்ந்துச்சு. நான் வேற இன்னாவோன்னு பயந்துகினு இருந்தேன்." எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான், பன்னும். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம்: ஷெட்டை மூடினால் எல்லோரும் தெருவில், கஜாவும்தான். மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. டி.பி.யாகவே இருந்தாலும் இருக்கலாம், நான் என்ன டாக்டரா.

பன் நெஞ்சிலேயே நிற்கிறது.

ஜூலை 25, வெள்ளி

ஜும்மா. இமாம் எங்கே பொய்யைப் பற்றிப் பேசிவிடுவாரோ என்று பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீரை வீணாக்குவது பற்றிப் பேசினார். தொழுகைக்கு முன் ஒளூ செய்யும்போது குழாயை மூடுங்கள் என்றார். அல்லாஹ் என்னை இன்று விட்டுவிட்டான்.

தட்ட ஆள் இல்லை. முதலாளி வேறு ஆள் பார்க்கிறார்.

செய்யவேண்டியது: தகரத்துக்கு ஆணி (நானே வாங்கி அடிக்கலாம்). ஸ்பிரிட் ஆர்டர். ச.வுக்கு இருமல் டானிக். மகளுக்கு முறுக்கு பார்சல்.

ஆகஸ்ட் 2, சனி

வெயில், புழுக்கம், சாயங்காலம் காற்று. கஜா வேலைக்கு வந்துவிட்டான். ஒரு வாரம் வீட்டில் இருந்தது போதுமாம். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம், தின்றால் வாந்தி, மூத்திரம் சிவப்பாகப் போகிறதாம். "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் பாய்" என்று அவனே சொல்லிக்கொண்டான். சுத்தியைத் தொடாதே, பெட்டி அடுக்கு என்றேன். முதலாளி காதில் விழுந்தது. "அவன் தட்டுற மாதிரி எவனுக்கும் தட்ட வரல பாய்." மதியத்திலிருந்து மறுபடி சுத்தி. நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபுராவுக்கு இருமல் விடவில்லை. டானிக் ஒரு பாட்டில் தீர்ந்தது. பேச்சுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். ஓய்வெடு என்றால், "ஆடில ஓய்வெடுத்தா ஐப்பசில பட்டினி" என்கிறாள். பருப்பு ரூமில் கதவை மூடிக்கொண்டு புடைக்கிறாள். காற்றில் தரையெல்லாம் உமி பறக்கிறதாம். கதவைத் திறந்து வை என்று வெளியிலிருந்தே கத்தினேன்.

"நீங்கதான் இந்தப் பக்கமே வரமாட்டீங்களே. வந்து புடைச்சுப் பாருங்க, தெரியும்."

பிறகு சாய்ந்து உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இளைத்திருக்கிறாள். எப்போது இளைத்தாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலை நல்ல வெயில். சபுராவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. லீவு போட்டேன்.

பத்து மணி சுமாருக்குப் புள்ளலூரிலிருந்து ஒரு பெரியவர், விதைக் காராமணி கேட்டு. படுத்தபடியே சபுரா: "சுத்தமான துணிதானே போட்டுகினு கீறீங்க. போய் நீங்களே அளந்து குடுங்க. சன்னலோரம் நீல டிரம்."

போனேன். மூடியைத் திறந்து கையை விட்டேன்.

கை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. காராமணி அப்படிப் போகாது. வெளியே எடுத்தேன். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் வெள்ளை. தேய்த்தால் விரலிடுக்கில் ஓடுகிறது.

பெரியவர் ஏதோ கேட்டார். இன்று இல்லை என்று அனுப்பிவிட்டேன். கோபமாகப் போனார்.

துவரையிலும் அதே. மொச்சையிலும். மூலையில் ஒரு பெயின்ட் பக்கெட், பாதிக்கு மேல் காலி, பக்கத்தில் தேங்காய் ஓடு. சன்னல் கம்பி, முறம், அவள் உட்காருகிற பலகை, எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு. நான் எந்தத் தூளை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று தினமும் பின்பக்கக் குழாயில் கழுவினேனோ, அது உள்ளேதான் இருந்திருக்கிறது. எனக்கு முன்னால் வந்திருக்கிறது.

"இந்தப் பக்கெட் ஏது?" என்று சபுராவிடம் போய்க் கேட்டேன்.

"கஜா குடுத்தான், போன வருசம். வண்டு புடிச்சு அவ்ளோ மொச்சையைக் கொட்டினேனே, அப்ப. அக்கா, எங்க ஷெட்ல ஒரு மண்ணு கீது, கலந்து வெச்சா பூச்சி அண்டாதுன்னான். நெசமாவே அண்டல. தீந்தா இன்னும் கொண்டாந்து தருவான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கம்பெனி பொருளு, திருப்பிக் குடுன்னு சொல்லுவீங்க. நீங்க ரூல்ஸ் பார்க்கிற ஆளு."

இங்கே வழக்கம்தான். யாரும் பயறை வெறுமனே வைக்கமாட்டார்கள். செம்மண் பூசிக் கட்டுவார்கள், சாம்பல் கலப்பார்கள். விற்கும்போது புடைத்துக் கொடுப்பார்கள். மண் இருந்த இடத்தில் இந்தத் தூள். கதவை மூடிக்கொண்டு ஒவ்வொரு மூட்டையையும் இவள் கையால் கலந்து, இவள் கையால் புடைத்து. போன ஆடியிலிருந்து இந்த ஆடி வரை.

என்ன தூள் அது என்று கேட்டாள். சொன்னேன். கஜாவின் படத்தைப் பற்றியும் சொன்னேன். நான் டாக்டரிடம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"அந்தப் புள்ள நல்லதுன்னுதான் குடுத்தான். அவன்கிட்ட சத்தம் போடாதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பக்கெட்டை எங்கே கொட்டுவது? குப்பையில் போட்டால் காற்று. ஏரியில் போட்டால் ஏரித் தண்ணீர் வயலுக்கு. ஈரத்துணி போட்டு மூடி, சைக்கிளில் கட்டி, ஷெட்டுக்கே கொண்டுபோய் மூட்டைகளோடு வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டார்.

"பாய், நம்ம பொருளை வீட்டுக்குக் கொண்டு போனீங்களா? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

போய் ஸ்பிரிட் தொட்டியருகே உட்கார்ந்தேன். தின்ற உப்பு.

கஜா இன்று வரவில்லை. முடியவில்லையாம்.

பருப்பு ரூமைப் பூட்டி, சாவியை என் பையில் வைத்திருக்கிறேன். விற்றுப்போனதை என்ன செய்வது? விதைக்குப் போனது மண்ணுக்குள் போயிருக்கும். சமையலுக்குப் போனது? நாங்களே அதைத்தான் தின்றோம். கழுவித்தானே ஆக்கினோம் என்கிறாள் சபுரா. பூட்டின ரூமைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். அவள் அத்தா வைத்திருந்த படி, தராசு எல்லாம் அதற்குள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். காஞ்சிபுரம். வேறு டாக்டரிடம் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன், யோசித்தேன். படத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்ளக்கூடியவர் இவர்தான், கஜாவின் படத்தைப் பார்த்தவர். அதனால் அதே அறை, அதே பெஞ்சு.

டாக்டரம்மா சபுராவின் படத்தை மாட்டினார். கஜாவுக்கு நெஞ்சு முழுக்க. இவளுக்கு அங்கங்கே. ஆனால் அதே புள்ளி.

"என்ன வேலை பண்றீங்கம்மா?"

"பருப்பு வியாபாரம். புடைக்கிறது, அளக்கிறது. வேற ஒண்ணும் இல்லீங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே."

சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். கிளம்பும்போதே மடித்து எடுத்துப்போனது.

"ரிஃபைனரி ஃபில்டர்ல படியிற தூளுங்க. காய்ஞ்சபடியே தட்டுறோம். இவ நாலு சுவத்துக்குள்ள அதைப் பருப்புல கலந்திருக்கா. அன்னிக்கு நான் கூட்டிக்கினு வந்தேனே, கஜேந்திரன், அவனுக்கும் இதுதான். ஈர வேலைன்னு நான் சொன்னது பொய்."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பேனாவை மூடி வைத்தார்.

"சளியில ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே உறுத்திச்சு. நீங்க சொன்னதை நம்பித்தான் மாத்திரை எழுதினேன். அந்த ஆளு இன்னும் அதே வேலையில இருக்காரா?"

"போன வாரம் வரைக்கும் தட்டினான்."

இவளுக்கு ஆரம்பம், இனி அந்தத் தூள் பக்கமே போகக்கூடாது, வந்தது வந்ததுதான், ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தின்றதால் அவ்வளவு பயமில்லை, மூச்சில் போனதுதான். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார், இரண்டு சீட்டு. ஒன்று கஜாவுக்கு. அவனுக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் சபுரா சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மழையில் சன்னல் மூடியிருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை. உத்திரமேரூரில் இறங்கி நடக்கும்போது சொன்னாள்.

"எனக்குன்னு வந்ததும் உங்க வாய் தெறந்துடுச்சு."

ஆகஸ்ட் 13, புதன்

மழை விட்டு, மேகமூட்டம். வேலைக்குப் போகவில்லை, சொல்லவும் இல்லை. கஜாவைப் பார்க்க மாகறல் கிளம்பினேன். சபுரா தானும் வருவேன் என்றாள், நடக்கமுடியாது என்றாலும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து கஜா வீடு வரை மூன்று இடத்தில் நின்றோம்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லையாம். தலைமாட்டில் மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு ஒழுங்காக. சபுராவைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"அக்கா, நீ எதுக்கு இம்மா தூரம்? உனக்கு இன்னா, ஒடம்பு இப்பிடி கீது?"

நான்தான் சொல்லவேண்டியது. பக்கெட்டிலிருந்து ஆரம்பித்தேன். அது எளிதாக இருந்தது, அதனால்தான். அவளுக்கும் நெஞ்சில் அந்தத் தூள் என்றதும் கஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான்தான் குடுத்தேன். பாய், நான்தான் குடுத்தேன். அக்கா கையால சோறு துன்ன வூட்டுல நானே கொண்டாந்து வெச்சுட்டேனே. என்னை மன்னிச்சுடு பாய்."

என் காலைத் தொடவந்தான். பிடித்து நிறுத்தினேன். சபுரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மிச்சத்தைச் சொன்னேன். முதலாளி சொல்லிக்கொடுத்ததை, நான் டாக்டரிடம் சொன்னதை, அந்தப் பன் தின்றதைக்கூட. இது டி.பி. இல்லை கஜா என்றேன்.

அவனுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இருமல் வந்தது, அது அடங்க நேரமாயிற்று. பிறகு கையை நீட்டித் தலைமாட்டிலிருந்த அட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த குழிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"அப்ப இதை இன்னாத்துக்கு பாய் துன்னுகினு கீறேன்?"